நான்கு என்ற அனுமதியும் நீதி என்ற நிபந்தனையும்





குர்ஆனில் ஒரு வசனத்தின் நடுப்பகுதி மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஐவேளைத் தொழுகைக்கு வராதவருக்கும் தெரியும். தொலைக்காட்சி விவாதத்தில் நம்மைக் கேலி பேசுகிறவருக்கும் தெரியும். ஒரு முஸ்லிம் ஆண் நான்கு பெண்கள் வரை மணமுடிக்கலாம் என்று அனுமதி தருகிற பகுதி அது. ஸூரத்துன் நிஸாவின் மூன்றாவது வசனம். ஆனால் அந்த வசனம் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் பெரிய விஷயம்.

அந்த வசனம் அநாதைகளைப் பற்றித் தொடங்குகிறது. அநாதைப் பெண்கள் விஷயத்தில் நீதி தவறிவிடுவோமோ என்று அஞ்சுகிறவர்களைப் பார்த்து அல்லாஹ் பேசுகிறான். முடிவில், மனைவியரிடையே நீதமாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறான். நீங்கள் அநீதியின் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க அதுவே நெருக்கமான வழி என்று காரணமும் சொல்கிறான். தொடக்கத்தில் ஒரு பயம், முடிவில் ஒரு பயம், இரண்டுக்கும் நடுவே ஓர் அனுமதி. நம்மில் சிலர் இரண்டு பயத்தையும் கழற்றி வைத்துவிட்டு அனுமதியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

இன்றைக்கு நாம் பேசப்போவது அந்த இரண்டு பயங்களைப் பற்றி.

உர்வாவின் கேள்வி

அநாதைகளுக்கும் நான்கு திருமணத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தச் சந்தேகம் நமக்கு வருவதற்கு முன்பே தாபிஈன்களில் ஒருவருக்கு வந்துவிட்டது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன் உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்கள், தம் சிறியதாயாரிடமே இதைக் கேட்டார்கள். அன்னையவர்கள் தந்த விளக்கம் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது.

அதன் கருத்து இதுதான். தந்தையை இழந்த ஒரு பெண் பிள்ளை, ஒரு பொறுப்பாளரின் வீட்டில் வளர்கிறாள். அவளுக்குச் சொத்து இருக்கிறது, அழகும் இருக்கிறது. பொறுப்பாளர் அவளையே மணமுடித்துக்கொள்ள நினைக்கிறார். வேறொருவர் பெண் கேட்டு வந்தால் கொடுக்கக்கூடிய மஹரை இவர் கொடுப்பதில்லை. கேட்பதற்கு அவளுக்கு வாப்பா இல்லையே! இப்படிப்பட்டவர்களைத்தான் அல்லாஹ் தடுத்தான். அவளுக்குரிய மஹரை முழுமையாகக் கொடுத்து நீதமாக நடந்தால் மணமுடியுங்கள். முடியாதென்றால் அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள், உலகத்தில் வேறு பெண்கள் இருக்கிறார்கள், நான்கு பேர் வரைகூட உங்களுக்கு வழி இருக்கிறது என்று அந்த வசனம் அவர்களைத் திருப்பிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். கேட்க ஆளில்லாத ஒரு பெண்ணின் மஹரைக் காப்பாற்ற வந்த வசனம் இது. அந்தப் பேச்சின் ஓட்டத்தில்தான் நான்கு என்ற எண் வருகிறது. அதற்கு முந்திய இரண்டாவது வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றியது. அடுத்த நான்காவது வசனம், பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுத்துவிடச் சொல்கிறது. ஆறாவது வசனம் மீண்டும் அநாதைகள். பத்தாவது வசனத்தில், அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் வயிற்றில் நெருப்பைத்தான் நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கை. முன்னும் பின்னும் பார்த்தால் அந்தப் பக்கம் முழுவதும் ஆதரவற்றவர்களின் வழக்காகவே இருக்கிறது.

ஸஃது பின் ரபீஃ (ரலி) அவர்களின் இரண்டு பெண் பிள்ளைகள்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் சுமார் எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். மதீனா அன்று ஒரு சிறிய ஊர். ஒரே நாளில் எழுபது வீடுகளில் குடும்பத் தலைவர் இல்லை.

அவர்களில் ஒருவர் ஸஃது பின் ரபீஃ (ரலி). அவர்களுடைய மனைவி இரண்டு பெண் பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். இவர்களின் தந்தை உங்களோடு உஹதில் கொல்லப்பட்டார், இவர்களின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், கையில் ஒன்றும் இல்லாத இவர்களை யாரும் மணமுடிக்க மாட்டார்களே என்று முறையிட்டார்கள். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. உடனே அந்தச் சிறிய தந்தையை ஆளனுப்பி வரவழைத்தார்கள். மகள்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்று, மீதி உனக்கு என்று பிரித்துக் கொடுக்கச் செய்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

இந்தச் சம்பவத்தை நான் ஏன் நீட்டிச் சொல்கிறேன் தெரியுமா? இரண்டாவது திருமணத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் ஆட்கள் உஹதைத்தான் இழுப்பார்கள். அன்றைக்கு எவ்வளவு விதவைகள், அவர்களுக்கு வாழ்வு கொடுக்கத்தான் பலதார மணம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உஹதின் ஒரு விதவை தன் துயரத்தை நபி (ஸல்) அவர்களின் சபையில் வைத்தபோது, அந்தச் சபையில் நடந்தது என்ன? பறிபோன சொத்து திரும்ப வந்தது. பெண்ணின் கையில் அவளுடைய உரிமை வந்தது.

நம் மஹல்லாவில் ஒருவர் மவுத்தாகிறார். மனைவிக்கு முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிவதற்குள் கடைச் சாவி அண்ணன் தம்பிகள் கைக்குப் போய்விடுகிறது. வீட்டுப் பத்திரம் மாமனார் பெயரில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெண் இத்தாவில் இருக்கிறாள், யாரிடம் போய்ப் பேசுவாள்? இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள்தான், பின்னால் வந்து விதவைக்கு வாழ்வு கொடுப்பது சுன்னத் என்று பேசுகிறார்கள்.

கட்டுப்பாடாக வந்த எண்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்லாத்துக்கு முன் அரபுகளிடம் மனைவியரின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. தாயிஃப் நகரின் கைலான் பின் ஸலமா (ரலி) இஸ்லாத்தைத் தழுவியபோது அவருக்குப் பத்து மனைவியர். நான்கு பேரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக திர்மிதீயில் வருகிறது. ஆகவே அன்றைய மக்களின் காதில் நான்கு என்பது, இதற்கு மேல் கூடாது என்றுதான் விழுந்தது. நமக்கு மட்டும்தான் அது, இவ்வளவு வரை போகலாம் என்று விழுகிறது.

நாட்டு நடப்பையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தம் கணவருக்கு வேறு மனைவியும் உண்டு என்று சொன்ன பெண்கள் முஸ்லிம்களில் 1.9 சதவீதம், இந்துக்களில் 1.3 சதவீதம். இந்தச் சிறிய வித்தியாசத்தை வைத்துத்தான் இவ்வளவு பெரிய அரசியல். உத்தராகண்டில் 2024இல் நிறைவேற்றப்பட்ட பொது சிவில் சட்டம் பலதார மணத்தைத் தடை செய்திருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டிய பதிலை நம் வழக்கறிஞர்களும் தலைவர்களும் சொல்கிறார்கள். இங்கே நாம் பேசுவது நமக்குள் இருக்கிற கணக்கை.

எது நீதி?

அதே ஸூராவின் 129ஆவது வசனத்தில், நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் மனைவியரிடையே முழு நீதம் செலுத்த உங்களால் முடியாது என்று அல்லாஹ் சொல்கிறான். இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்துவைத்து, பார்த்தீர்களா, குர்ஆனே பலதார மணத்தைத் தடுத்துவிட்டது என்று சிலர் வாதம் செய்கிறார்கள். நம் இமாம்கள் அப்படி விளங்கவில்லை. 129ஆவது வசனம் சொல்வது உள்ளத்தின் அன்பைப் பற்றி. அது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. மூன்றாவது வசனம் கேட்பது உணவு, உடை, இருப்பிடம், இரவு தங்கும் முறை ஆகியவற்றில் உள்ள நீதியை. அது மனிதனின் கையில் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடையே முறைவைத்துப் பிரித்துவிட்டு, என் கையில் உள்ளதில் இது என் பங்கீடு, உன் கையில் இருந்து என் கையில் இல்லாததற்காக என்னைக் குற்றம் பிடித்துவிடாதே என்ற பொருளில் அல்லாஹ்விடம் துஆ செய்வார்கள். வஹீ வருகிற நபியே தம் உள்ளத்தைப் பற்றி இப்படிப் பயந்தார்கள்! பயணம் புறப்பட்டால் சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர்களை அழைத்துச் செல்வார்கள். கடைசி நோயில், நடக்க முடியாத நிலையில்கூட, ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற மற்ற மனைவியரிடம் அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைத்த பிறகே அங்கு போனார்கள். இந்த சுன்னத்தை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. இன்னொன்றும் பேசுவதில்லை. இருபத்தைந்து வயதில் கதீஜா (ரலி) அவர்களை மணமுடித்து, அவர்கள் வஃபாத்தாகும் வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அந்த ஒரே மனைவியோடு வாழ்ந்ததும் அதே நபியின் வாழ்க்கைதான்.

இரண்டு மனைவியர் இருந்து, ஒருத்தியின் பக்கமே சாய்ந்துவிட்டவர், மறுமையில் உடலின் ஒரு பக்கம் சாய்ந்தவராக எழுப்பப்படுவார் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. மஹ்ஷர் மைதானத்தில் யாரும் விசாரிக்க வேண்டிய அவசியம் இருக்காது. நடையைப் பார்த்தாலே இவர் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று தெரிந்துவிடும்.

ஃபிக்ஹு நூல்களை எடுத்துப் பார்த்தால் இந்தப் பங்கீட்டுக்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதும்போது ஒரு மஸ்அலா வரும். பங்கீட்டுக்கு அடிப்படை இரவு. ஆனால் ஒருவர் இரவுக் காவலாளியாக இருந்தால்? அவருக்குப் பகல்தான் அடிப்படை, பகலைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு காவலாளியின் மனைவிக்கும் அவளுடைய நேரம் குறைந்துவிடக் கூடாது என்று நம் ஃபுகஹாக்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். அநியாயம் செய்துவிடுவோம் என்று உறுதியாகத் தெரிகிறவருக்குத் திருமணமே ஹராம், அஞ்சுகிறவருக்கு மக்ரூஹ் தஹ்ரீமீ என்றும் ஹனஃபீ நூல்கள் சொல்கின்றன. ஒரு திருமணத்துக்கே இந்தச் சட்டம் என்றால் இரண்டாவதைப் பற்றி என்ன சொல்ல! இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், அந்த வசனத்தின் கடைசிப் பகுதிக்கு, குடும்பச் சுமை பெருகிவிடாமல் இருக்க அதுவே நெருக்கமான வழி என்றும் விளக்கம் தந்திருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் வாடகை வீட்டில் இருக்கிற நமக்கு அந்த விளக்கம் இன்னும் எளிதாகப் புரிய வேண்டும்.

ஆகவே ஷரீஅத்தில் அனுமதி இருக்கிறது என்பது வேறு. எனக்கு அனுமதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆலிம் பதில் சொல்வார். இரண்டாவதற்கு உங்கள் வரவுசெலவும், உங்கள் குணமும், உங்கள் முதல் மனைவியை இதுவரை நீங்கள் வைத்திருந்த விதமும்தான் பதில் சொல்லும்.

இரகசிய நிகாஹ்

பள்ளியில் இமாமாக இருப்பவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அஸருக்குப் பின் ஒருவர் வந்து தனியாகப் பேச வேண்டும் என்பார். "ஹஜ்ரத், ஒரு சின்ன விஷயம். ஒரு நிகாஹ் ஓதி வைக்கணும்."

"யாருக்கு பாய்?"

"எனக்குத்தான்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரிஞ்சா பிரச்சினை ஆயிடும் ஹஜ்ரத். சாட்சி ரெண்டு பேரை நான் கூட்டிட்டு வந்துர்றேன். தஃப்தர்ல எழுத வேணாம். ஷரீஅத்துல இடம் இருக்கில்ல?"

முதல் மனைவியின் சம்மதம் இரண்டாவது நிகாஹுக்கு நிபந்தனை இல்லை என்பது உண்மை. அதை அந்த பாயும் எங்கோ கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். ஆனால் சம்மதம் கேட்காமல் இருப்பதும், வருடக் கணக்கில் மறைத்து வைப்பதும் ஒன்றா? மறைத்துவிட்டால் இரவுகளை எப்படிப் பங்கு வைப்பீர்கள்? முதல் வீட்டில், வியாபார விஷயமாக வெளியூர் போகிறேன் என்று பொய். இரண்டாவது வீட்டில், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று பொய். நீதி செலுத்துவதற்கான வழியை அடைத்துவிட்டு, நீதியை நிபந்தனையாக வைத்த அனுமதியை எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

நிகாஹைப் பகிரங்கப்படுத்தச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். தஃப் அடிக்கச் சொன்னதும் நாலு பேருக்குத் தெரியட்டும் என்பதற்குத்தான். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் சாட்சியாக நின்ற ஒரு நிகாஹ் உமர் (ரலி) அவர்களிடம் வந்தபோது, இது இரகசிய நிகாஹ், இதை நான் அனுமதிக்க மாட்டேன் என்று கண்டித்ததாக முவத்தாவில் வருகிறது. சாட்சிகளிடம் வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு செய்தால் அந்த நிகாஹையே ரத்துச் செய்ய வேண்டும் என்பது மாலிகீ மத்ஹபின் நிலை. நம் ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் தகுதியான சாட்சிகள் இருந்தால் நிகாஹ் கூடிவிடும். கூடும் என்பதற்காக நல்லது என்று ஆகிவிடுமா?

தமிழ்நாட்டில் "சின்ன வீடு" என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கிற பெண்ணுக்குப் பெயர் கிடையாது, பங்கு கிடையாது, அவர் இறந்தால் முகம் பார்க்கவும் விடமாட்டார்கள். நம் மார்க்கத்தில் அப்படி இல்லை, இரண்டாவது மனைவிக்கும் முதல் மனைவியின் அதே அந்தஸ்து என்று மற்ற சமுதாய மக்களிடம் நாம் பெருமையாகச் சொல்வோம். சொல்வது சரி. ஆனால் தஃப்தரில் எழுதாத நிகாஹ், அரபியில் குத்பா ஓதிய சின்ன வீடாகத்தானே முடிகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 32 லட்சம் ரூபாய் சொத்தை விட்டு மவுத்தாகிறார். கடனும் வஸிய்யத்தும் இல்லை, பெற்றோரும் உயிரோடு இல்லை. முதல் மனைவி மூலம் ஒரு மகன், ஒரு மகள். மறைவாக மணமுடித்த இரண்டாவது மனைவி மூலம் ஒரு மகள். ஷரீஅத்துப்படி மனைவியருக்கு எட்டில் ஒன்று, அதாவது 4 லட்சம்; ஆளுக்கு 2 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு 14, மகள்கள் இருவருக்கும் ஏழேழு லட்சம். இரண்டாவது மனைவிக்கும் அவள் மகளுக்கும் சேர்த்து 9 லட்சம் வர வேண்டும். அவர்கள் ஜனாஸா வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். நீங்கள் யார் என்று கேட்கிறார்கள். எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் பெயர் இல்லை. சாட்சியாக வந்த இரண்டு பேரில் ஒருவர் ஊரிலேயே இல்லை, இன்னொருவர் எனக்கு ஞாபகம் இல்லை என்கிறார். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எதைக் காட்டுவாள்? அல்லாஹ் எழுதிவைத்த 9 லட்சம் போய்விட்டது. தந்தை இருக்கும்போதே அந்தப் பிள்ளையை அவர் அநாதையாக்கிவிட்டார். எந்த அநாதைகளுக்காக அந்த வசனம் இறங்கியதோ, அந்த வசனத்தைக் காட்டியே இன்னோர் அநாதை உருவாகிவிட்டாள்.

முஸ்லிம்கள் உட்பட எல்லா மதத்தினரும் திருமணத்தை 90 நாட்களுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பள்ளியின் தஃப்தர் வேறு, அரசுப் பதிவு வேறு, இரண்டும் தேவை. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், ஏற்கெனவே மனைவி உள்ளவர் மறுமணம் செய்ய நாடினால் 30 நாட்களுக்கு முன்பே காழிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அங்கும் குறைகள் உண்டு, விவாதங்கள் நடக்கின்றன. ஆனாலும் மறைக்காதே என்ற அந்த ஒரு விஷயத்தை நம் மஹல்லா ஜமாஅத்துகள் எடுத்துக்கொள்ளலாமே.

விதவைக்கு வாழ்வு கொடுக்கவா?

வாலிப வயது தாண்டிய குமர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்களே, விதவைகள் இருக்கிறார்களே, அதற்காகத்தான் என்று சொல்கிறார்கள். அப்படி உண்மையான நிய்யத்தோடு, மூன்று பிள்ளைகளோடு நின்ற ஒரு விதவையை ஊரறிய மணமுடித்து, அந்தப் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்காரவைத்துச் சோறு போட்டவர்களும் நம் சமுதாயத்தில் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் பெரும்பாலும் தேடப்படுவது யார்? முதல் மனைவியைவிட வயது குறைந்தவர், பிள்ளை இல்லாதவர், முடிந்தால் சொந்த வீடு உள்ளவர். விதவைக்காக என்று சொன்ன வாய், வரன் பார்க்கும்போது வேறொன்றைச் சொல்கிறது.

விதவைக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுகிறவர் அல்லாஹ்வின் பாதையில் போராடுபவரைப் போன்றவர் என்பது புகாரீயில் வரும் ஹதீஸின் கருத்து. அவளை மணமுடிப்பவருக்கு என்று அந்த நன்மையைச் சுருக்கவில்லை. பாடுபடுகிறவருக்கு என்று பொதுவாக இருக்கிறது. அவளுடைய விதவை உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறவர், அவளுடைய மீராஸ் பங்கை மைத்துனர்களிடம் பேசி வாங்கித் தருகிறவர், எல்லோரும் அதில் வருவார்கள். இதற்கு நிகாஹ் தேவையில்லை.

குமர்கள் ஏன் வீட்டில் இருக்கிறார்கள்? அதற்கும் ஆயிஷா (ரலி) அவர்களின் விளக்கத்தில் பதில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பொறுப்பாளர் செய்த குற்றம், மஹரைக் குறைத்தது. நாமோ மஹரைத் தலைகீழாகவே ஆக்கிவிட்டோம். தஃப்தரில் மஹர் 5001 ரூபாய் என்று எழுதுகிறோம். பெண் வீட்டில் வாங்கும் நகைக் கணக்கு வேறு ஒரு காகிதத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம், வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கிய அதே நேரத்தில், முஸ்லிம்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்று விதிவிலக்குத் தந்திருக்கிறது. நாட்டுச் சட்டத்துக்குத் தெரிகிற வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை. ஜும்ஆ முடிந்ததும் வாசலில் ஒரு வாப்பா குமர் காரியத்துக்கு உதவி கேட்டு நிற்கிறார். நாம் பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போகிறோம். அவரை அங்கே நிறுத்தியது யார்? நம் சஃப்பில் நம்மோடு நின்று தொழுத மாப்பிள்ளை வீட்டார்தான். முதல் திருமணத்தில் வாங்குகிற கையை நிறுத்தினாலே பாதிக் குமர்களுக்கு வழி பிறக்கும். அதைச் செய்யாமல் இரண்டாவது திருமணத்தைத் தீர்வாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொங்கலில் விடப்பட்டவள்

நிஸா 129ஆவது வசனத்தின் பிற்பகுதி, ஒரேயடியாக ஒருத்தியின் பக்கம் சாய்ந்து மற்றவளைத் தொங்கவிடப்பட்டவளைப் போல் ஆக்கிவிடாதீர்கள் என்கிறது. அவள் கணவனோடு வாழ்கிறவளும் இல்லை, விடுதலை பெற்று வேறு வாழ்க்கை தேடக்கூடியவளும் இல்லை. நம் ஊர்களில் இவர்கள் எத்தனை பேர் என்று பள்ளி நிர்வாகத்திடம் கணக்கு இருக்கிறதா? சந்தாக் கணக்கு இருக்கிறது.

இந்தப் பெண் முத்தவல்லியிடம் வந்தால், "சபூர் செய்யும்மா, புள்ளைங்க முகத்தப் பாரு" என்று அனுப்பிவிடுகிறோம். மார்க்கம் அவளுக்குச் சபூரை மட்டும் கொடுக்கவில்லை, ஃபஸ்க் என்ற வழியையும் கொடுத்திருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் அந்த வழி குறுகலாக இருந்து, பெண்கள் சிரமப்பட்டபோது, மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் மாலிகீ மத்ஹபின் சட்டங்களை ஆராய்ந்து "அல்ஹீலதுந் நாஜிஸா" என்ற நூலை எழுதினார்கள். அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நான்கு ஆண்டுகள் கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால், இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காவிட்டால், பெண் நீதிமன்றத்தில் திருமண முறிவு கேட்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்து, குர்ஆனின் கட்டளைப்படி இவளைச் சமமாக நடத்தாவிட்டாலும் கேட்கலாம். ஆங்கிலேயர் காலத்துச் சட்டப் புத்தகத்தில் குர்ஆனின் கட்டளை என்ற வார்த்தையோடு இந்தப் பிரிவு இன்றைக்கும் இருக்கிறது. இந்த உரிமையைப் பற்றி எந்த மேடையில் நாம் சொல்லியிருக்கிறோம்? ஆண்களுக்கான அனுமதியை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்களையும் இங்கே நினைக்க வேண்டும். போருக்குப் போன கணவனைப் பிரிந்து ஒரு பெண் இரவில் புலம்புவதைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. அதற்கு மேல் வீரர்களை வீட்டைவிட்டுப் பிரித்து வைக்கக்கூடாது என்று உத்தரவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுமுறையில் வருகிற ஒருவர், அந்த நாற்பது நாளிலும் இரண்டாவது வரன் பார்க்கிறார் என்றால் என்ன சொல்வது!

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நிகாஹ் தஃப்தரில், மணமகனுக்கு ஏற்கெனவே மனைவி உண்டா என்று ஒரு கட்டம் சேருங்கள். வெளியூர் மாப்பிள்ளையாக இருந்தால் அவருடைய ஜமாஅத் கடிதம் இல்லாமல் நிகாஹ் வேண்டாம். மனைவி இருந்தால், அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் தகவல் போகட்டும். புது மணமகளிடமும் அவளுடைய வலீயிடமும் வெளிப்படையாகச் சொல்லட்டும். இருவருக்கும் தனித்தனி இருப்பிடமும் செலவும் எப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். நேர்மையான எண்ணத்தோடு வருகிறவருக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை. தஃப்தர் வேண்டாம் என்று கேட்டு வந்தவர், இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் தானாகவே எழுந்து போய்விடுவார்.

இதைப் படிக்கிற இமாம்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் மறுத்தால் அவர் வேறு ஊரில் ஓதவைத்துக்கொள்வார் என்பது தெரியும். அதற்காக நம் கையால் ஏன்? பக்கத்து மஹல்லா இமாமிடம் ஒரு வார்த்தை பேசி வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மஹல்லாவில் தொங்கலில் நிற்கும் பெண்களுக்கு வழியைத் திறந்துவிடுவாயாக. அநாதைகளின் பங்கை வைத்திருக்கும் கைகளை, மவுத்துக்கு முன்பே அதைத் திருப்பிக் கொடுக்க வைப்பாயாக. ஆமீன்.